மதுரையின் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள்: வடிவமைத்தவர்கள் யார்?

வடக்குமாசி வாசகி எழுதியது

குழும உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஞாயிறு காலைகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் சுற்றி, வழியில் உள்ள பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசுவது எங்கள் மன்றத்தின் வழக்கம். அங்கே திரும்பத் திரும்ப எழும் ஒரு கேள்விக்கு இங்குள்ளவர்களிடம் விடை இருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

கோயிலுக்குள்ளோ அதைச் சுற்றியோ நிற்கும்போது "இதைக் கட்டியது யார்?" என்று மாணவர்கள் கேட்டால் தடுமாற வேண்டியதில்லை. ஆயிரங்கால் மண்டபம் என்றால் அரியநாத முதலியார், புதுமண்டபம் என்றால் திருமலை நாயக்கர், தமுக்கம் என்றால் ராணி மங்கம்மாள் என்று சொல்லிவிடலாம். இருபதாம் நூற்றாண்டுக்குள் கால் வைத்ததும் அந்த வசதி போய்விடுகிறது. ரீகல் தியேட்டர் என்று பல தலைமுறைகள் அறிந்திருந்த விக்டோரியா எட்வர்டு மன்றம், கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் வளைவுகள், எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று தொடங்கி இன்று அரசு இராஜாஜி மருத்துவமனையாக இருக்கும் கட்டடம், 1952-இல் திறக்கப்பட்டு ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பெருமை பேசிய தங்கம் என ஒவ்வொன்றின் முன்னும் நிற்கிறோம். கல்வெட்டு இருக்கும் இடங்களில் திறந்து வைத்த கவர்னர் பெயரும், கலெக்டர் பெயரும், பணம் கொடுத்தவர் பெயரும் இருக்கின்றன. வரைபடம் போட்டவர் பெயருக்கு மட்டும் இடம் இருந்ததில்லை.

சென்னையில் நிலைமை வேறு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் நாம் இறங்கும் எழும்பூர் நிலையத்துக்கு ஹென்றி இர்வின் பெயரும் பேர்டு என்ற பொறியாளர் பெயரும், கட்டி முடித்த ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை பெயரும் உண்டு. அது 1908-இல் திறக்கப்பட்டது. 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையை வடிவமைத்தவர் ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித் தருகிறார்கள். மதுரையில் அப்படி விரல் நீட்டிச் சொல்லக்கூடிய கட்டடக் கலைஞர் எவரேனும் வேலை செய்திருக்கிறாரா? செய்யவில்லை என்றால், இவ்வளவு பெரிய ஊர் அவர்கள் கைக்குப் போகாமலிருக்கக் காரணம் என்ன? அன்புகூர்ந்து விரிவாகவே எழுதுங்கள். மாணவர்களுக்கு அச்செடுத்துத் தரவிருக்கிறேன்.

வரைபலகை எழுதியது

அம்மா, வணக்கம். மதுரையில் கட்டட வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லலாம் என்றால், ஜெஃப்ரி பாவா என்பேன். உலகெங்கும் உள்ள கட்டடக்கலை மாணவர்கள் கொழும்புக்கு விமானம் ஏறிப் போய்ப் பார்க்கிற ஒருவரின் கைவேலை, முத்தையா கோயில் இருக்கும் அதே கோச்சடையில், மேலக்கால் சாலையில் நிற்கிறது. அந்த வழியாக நாள்தோறும் பேருந்தில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது என்பது எனக்கு நெடுநாளைய மனத்தாங்கல்.

பாவா 1919-இல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞராகி, அந்தத் தொழில் ஒட்டாமல் ஊர் ஊராகத் திரிந்து, 1948-இல் பெந்தோட்டை அருகே லுனுகங்க என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதை விரும்பியபடி ஒரு பூந்தோட்டமாக மாற்ற முனைந்தபோதுதான், கையில் கலை இருக்கிறது, அதற்குரிய கல்வி இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. மீண்டும் லண்டன் போய்ப் படித்து 1957-இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. நம் ஊரில் அந்த வயதில் ஒருவர் மறுபடி கல்லூரிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு கொழும்பின் முகத்தை அவர் எப்படி மாற்றினார் என்பதைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் மதுரைக்கு வர முடியாது. 1960-களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வா என்ற கலைஞருக்காகச் சிறிய நகர மனையில் அவர் கட்டிய வீட்டில், நடுவில் முற்றத்தை வைத்து, சுற்றித் தாழ்வாரத்தை ஓட்டி, தெருப்பக்கம் வெறும் மதிலை மட்டும் காட்டினார். முற்றம் வைத்த வீடு நமக்குப் புதிதல்ல. ஆனால் நடுவில் ஒரு பங்களா, சுற்றிலும் தோட்டம் என்ற ஆங்கிலேயர் காலத்து வழக்கத்தில் ஊறியிருந்த கொழும்புக்கு அது பெரிய மாற்றம். பின்னர் பேர ஏரியின் நீர்மேல் சீமா மாலகம் என்ற பௌத்த மண்டபம், 1982-இல் திறக்கப்பட்ட, கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயின் நாடாளுமன்றம் என்று அவர் கை நீண்டது. சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுத்திட்டில் செப்புக் கூரைகளோடு எழுப்பப்பட்ட அந்த நாடாளுமன்றத்தைப் படத்திலாவது மாணவர்களுக்குக் காட்டுங்கள். இந்தப் பெரிய வேலைகளிலெல்லாம் அவருடைய பங்காளியாக இருந்து, கற்பனையை நிற்கக்கூடிய கட்டடமாக்கிய பொறியாளர் பூலோகசுந்தரம் என்ற தமிழர். அவரைப் பற்றி நம்மவர்கள் இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும்.

இனி மதுரை. பாவாவை இங்கே முதலில் கொண்டுவந்தது ஒரு தொண்டுப் பணி. இலங்கையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான நிலையத்தை நடத்திவந்த சகோதரர் ஜேம்ஸ் கிம்டன் என்ற லசால் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி, 1960-களின் நடுவில் அந்த நாட்டைவிட்டு வந்து மதுரைக்கு அருகே பாய்ஸ் டவுன் என்ற சிறுவர் நகரைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஜி. கல்லுப்பட்டியில் பெரும் பணி செய்து அங்கேயே மறைந்த அதே கிம்டன்தான். அவருக்காகப் பாவா வரைந்து கொடுத்த கட்டடங்களே மதுரை மண்ணில் அவருடைய முதல் வேலை.

கோச்சடையில் இருப்பது இரண்டாவது. ஹார்வி மில் என்று நம் தாத்தாமார் சொன்ன மதுரா மில்ஸ், கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆன 1970-களில், அதன் அதிகாரிகளுக்காக மதுரா கிளப் கட்டப்பட்டது. இப்போது அது ஒரு ஹோட்டலின் வளாகத்துக்குள், அதன் மையக் கட்டடமாக இருக்கிறது.

அந்தக் கட்டடத்தில் முதலில் கண்ணில் படுவது சுவரல்ல, கூரை. கவிழ்த்துப் போட்ட முறம் போல ஓட்டுக்கூரை தாழ இறங்கி நிற்கிறது. அதன் விளிம்பு இறங்கியிருப்பதால் நண்பகல் வெயில் தரையைத் தொடுவதில்லை. கூரையைத் தாங்குபவை கருங்கல் தூண்கள். மெருகேற்றிய கல் அல்ல. கையால் தடவினால் உளி பட்ட தழும்புகள் வரிசையாகத் தட்டுப்படும். பழைய வீடுகளிலிருந்து வந்த கதவுகளை நிலையோடு பொருத்தியிருக்கிறார்கள். புதிதாக இழைத்த கதவு போல அவை சுவரோடு ஒட்டிப் பணிந்து நிற்காமல், தாங்கள் முன்னர் வேறோர் இடத்தில் இருந்தவை என்பதைக் காட்டிக்கொண்டே நிற்கின்றன. இரண்டு பக்கமும் திறந்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தால், உள்ளே இருக்கிறோமா, மரத்தடியில் இருக்கிறோமா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஏற்கெனவே நின்ற ஆலமரங்களை வெட்டாமல், கட்டடம் அவற்றுக்கு ஒதுங்கி இடம் கொடுத்திருக்கிறது.

மதுரைக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். கருங்கல், ஓடு, பழைய மரம், உள்ளூர்க் கொத்தனார் ஆகியவற்றைக் கொண்டே நவீனமான ஒரு கட்டடத்தை எழுப்பலாம் என்பதற்கு, நம் ஊர் எல்லைக்குள் அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சென்னையின் கன்னிமரா ஹோட்டலையும் பாவா புதுப்பித்தார். ஆனால் அங்கே ஏற்கெனவே இருந்த கட்டடத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இங்கே அவருக்கு வெறும் நிலமும் மரமும் கிடைத்தன.

பொதுப்பணி ஓய்வு எழுதியது

வரைபலகை தம்பி எழுதியது நன்று. அந்தக் கட்டடத்தின் சிறப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மதிலுக்குள், மில் அதிகாரிகளுக்காக, ஊருக்கு மேற்கே கட்டிய ஒரு கிளப் மதுரை நகரத்தை வடிவமைத்ததாகச் சொல்ல முடியாது. அம்மையார் கேட்டது மாசி வீதி, வெளி வீதிகளைப் பற்றி. அங்கே நடந்தது வேறு கதை. அதன் பெரும்பகுதி வரைபலகையில் நடக்கவில்லை.

முதலில், வெளி வீதிகள் உண்டான விதத்தை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் நாயக்கர் காலக் கோட்டை மதிலை இடித்து, அந்த இடிபாட்டைக் கொண்டே அகழியைத் தூர்த்து, கிடைத்த நிலத்தில் புதிய தெருக்களை அமைத்தார். அந்த வேலையை நடத்தியவர்களின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் வந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் ராஜாவுக்கும் துரைக்கும் தெரு இருக்கிறது; கட்டுமான வேலையை முன்னின்று நடத்திய மேஸ்திரிக்குத் தெரு வைத்த ஊர் மதுரை. வரைபடம் போட்டவர் பெயர் எங்கே என்று கேட்கும் மாணவர்களை அந்தத் தெருப்பலகைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

அடுத்து, பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், உயிரியல் படித்து, நகரங்களை ஆராயும் வேலைக்கு வந்தவர். 1914-இல் நகர அமைப்பு பற்றிய கண்காட்சிப் பொருள்களைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். அந்தக் கப்பலை ஜெர்மானியரின் எம்டன் வழியிலேயே மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்டு ஓடிப்போன, நம் வீட்டுப் பெரியவர்கள் "ஆள் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிற அதே கப்பல்தான். மனிதர் அசரவில்லை, மறுபடியும் படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார். அந்தப் பயணத்தில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அவற்றுள் மதுரையும் ஒன்று.

அன்றைய அதிகாரிகளுக்கு நகரச் சீர்திருத்தம் என்றால், நெருக்கமான குடியிருப்பைக் குறுக்கே வெட்டி நேர்கோட்டில் அகலச் சாலை போடுவது. கெடிஸ் அதை ஏற்கவில்லை. சிதைந்து பயனற்றுப்போன சில வீடுகளை மட்டும் அகற்றி, அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் வரும்படி சிறிய வெளிகளை உண்டாக்கி, மரம் நட்டு, மீதியை அப்படியே காக்க வேண்டும் என்பது அவர் முறை. தென்னாட்டுக் கோயில் நகரங்களின் தேர் வீதிகளை உள்ளபடியே மதித்த வெளிநாட்டுத் திட்டமிடுநர் என்ற வகையில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு சுவர்கூட எழுப்பாமல் ஊரின் உருவத்துக்கு உதவியவர் அவர்.

இனி அரசுக் கட்டடங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய கோட்ட அலுவலகங்களில் துணியில் ஒட்டிய வரைபடங்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு என்னவென்றால், சென்னையில் அரசுக்கு ஓர் ஆலோசகக் கட்டடக் கலைஞர் இருப்பார். சிசம், இர்வின், ஹாரிஸ் ஆகியோர் அடுத்தடுத்து அந்த வேலையில் இருந்தவர்கள். சிசம் நம் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட்ட பணியிலும் ஈடுபட்டவர் என்பதை அறிந்திருப்பீர்கள். தலைநகரில் மாளிகை என்றால் அவர்களே வரைவார்கள். மாவட்டத்துக்கு அளவு குறித்த மாதிரிப் படம் வரும். பயணியர் விடுதியா, தாலுகா கச்சேரியா, காவல் நிலையமா, எல்லாவற்றுக்கும் மாதிரி உண்டு. வந்த படத்தை இங்குள்ள செயற்பொறியாளரும் ஓவர்சியரும் இடத்துக்குத் தக்கபடி திருத்துவார்கள். வராந்தா மேற்கே பார்த்திருந்தால் புரட்டிப் போடுவார்கள்; கல் மலிவாகக் கிடைத்தால் அடித்தளத்தைக் கல்லாக்குவார்கள். கையெழுத்து நான்கு பேருடையது என்றால், கல்வெட்டில் யாரைப் போடுவது?

அந்தக் கட்டடங்களுக்கு அழகு தந்தது படமல்ல, வேலை. மெட்ராஸ் டெரஸ் என்ற தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்தரங்களின் மேல் நெருக்கமாகக் கட்டை பரப்பி, அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைக்கு மூலை சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டே வருவார்கள். கீழே முட்டு கிடையாது; ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசை நிற்கும். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைத் தெளித்துக்கொண்டே, பாட்டின் தாளத்துக்கே அடி விழும். கட்டை மேலெழும்பித் துள்ளும் அளவுக்குத் தளம் இறுகினால்தான் மேஸ்திரி தலையாட்டுவார். அதன்மேல் தட்டோடு பதித்தால் வேலை முடிந்தது. அப்படிப் போட்ட தளத்துக்குக் கீழே சித்திரை வெயிலிலும் உட்கார முடியும்.

இது ஏன் நின்றுபோனது என்பதற்கும் கலை ரசனைக்கும் தொடர்பில்லை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மாத் தேக்கு நின்றது. 1949-இல் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியதும் தென் மாவட்டங்களுக்குச் சிமெண்ட் பக்கத்திலேயே கிடைத்தது. தேக்கும் சுண்ணாம்பும் அறிந்த கொத்தனாரின் மகன் சென்ட்ரிங் பலகையும் கம்பியும் கற்றுக்கொண்டான். மதுரையின் இருபதாம் நூற்றாண்டை இரண்டாகப் பிரிக்கும் கோடு, என் கணிப்பில், இதுதான்.

அம்மையாரின் இரண்டாவது கேள்விக்கும் விடை ஓரளவு இதிலேயே இருக்கிறது. சென்னையிலேயே கட்டடக்கலைப் பட்டப் படிப்பு 1957-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் படிக்க விரும்பியவர் பம்பாய் போன்ற வெளியூருக்குப் போக வேண்டும். போனவர் சென்னையிலேயே வேலை கிடைக்கும்போது மதுரைக்கு வருவானேன்? போதாததற்கு, மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி பின்னாளில் வந்தது. உயரத்தைக் காட்டிப் பெயர் வாங்க நினைப்பவருக்கு நகரின் நடுவே இடமே இல்லை. அந்த விதி நல்லது என்பதே என் எண்ணம். ஏறத்தாழ 170 அடி நிற்கும் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் எதைக் கட்டினாலும் எடுபடாது.

உளிச்சத்தம் எழுதியது

இரண்டு பெரியவர்களும் எழுதியதைப் படித்தேன். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கல்வேலை செய்வது. கட்டடக் கலைஞர் என்றால் கோட்டு அணிந்தவர் அல்லது அரசுப் பொறியாளர் என்று இருவருமே வைத்துக்கொண்டு பேசுவதால் இதை எழுத வேண்டியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மதுரைச் சீமை தமிழகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய கட்டடக் கலைஞர் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர்.

வை. கணபதி ஸ்தபதி 1927-இல் பிறந்தார். தந்தை வைத்தியநாத ஸ்தபதி. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்தை முதலில் நடத்தியவர் தந்தை. அவருக்குப் பிறகு மகன் பொறுப்பேற்று, அது கல்லூரியாக வளரும் வரை கால் நூற்றாண்டுக்கு மேல் உடனிருந்தார். காரைக்குடியில் கணிதம் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு மனையின் நீள அகலங்கள் பொருந்துகின்றனவா என்று ஆயாதி கணக்குப் பார்ப்பதும், ஒரு சிலையின் முக அளவைக் கொண்டு முழு உடலையும் தாலமாக வகுப்பதும் கணக்கு வேலைதான். அவர் அதை மந்திரம் போல மறைத்து வைக்காமல் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தார். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த ஒன்றை, எந்தப் பிள்ளை வந்து சேர்ந்தாலும் படிக்கலாம் என்றாக்கியதுதான் அவர் செய்தவற்றிலேயே பெரியது என்பேன். என் தாத்தாவுக்கு அதில் உடன்பாடு இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அவருடையது. திருவாரூர்த் தேரின் அமைப்பில் கல்லில் எழுந்த தேர் அதற்கு முகம். 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் திறக்கப்பட்ட குமரிமுனை வள்ளுவர் சிலையும் அவருடையதே. பீடம் 38 அடி, சிலை 95 அடி, இரண்டும் சேர்ந்து 133 அடி என்பது அதிகாரக் கணக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். கல்வேலைக்காரர்கள் கவனிப்பது வேறு. கடல் நடுவே, காற்று அறையும் பாறையில், அவ்வளவு உயரத்துக்குக் கல்லின்மேல் கல்லாக ஏற்றி, உள்ளே வெற்றிடம் விட்டு, இடுப்பை ஒரு பக்கமாக ஒசித்து நிற்க வைத்திருக்கிறார். நேராக நிறுத்துவது எளிது; ஒசிந்து நிற்கும் உருவத்தில் பாரம் எங்கே இறங்குகிறது என்று கணக்கிடுவதுதான் கடினம். 2004 ஆழிப்பேரலை அந்தப் பாறைமேல் ஏறிப் போனது. சிலை அசையவில்லை. பக்கத்துப் பாறையில் 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் மண்டபமும் எஸ். கே. ஆச்சாரி என்ற ஸ்தபதியின் பொறுப்பில் எழுந்ததே.

மதுரைக்குள் என்றால், 1963 கும்பாபிஷேகத்துக்கு முன் பி. டி. ராஜன் தலைமையில் நடந்த திருப்பணியைச் சொல்ல வேண்டும். கோபுரங்களில் சிதைந்த சுதையுருவங்களை மீண்டும் வனைந்து, வண்ணம் தீட்டி, விரிந்த கல்லை இறுக்கிய அந்தப் பணியில் வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர். இன்று நாம் மதுரை என்றதும் மனத்தில் எழும் அந்தப் பல வண்ணக் கோபுரக் காட்சியில் இருபதாம் நூற்றாண்டுக் கைகளின் பங்கு மிகப் பெரிது. பொறியாளர் ஐயா சொன்ன நான்கு கையெழுத்தாவது அரசுப் படங்களில் இருக்கிறது. சுதை வேலைக்காரனுக்கு அதுவும் கிடையாது.

வடக்குமாசி வாசகி எழுதியது

மூவருக்கும் நன்றி. அச்செடுக்க நினைத்தது இரண்டு பக்கம். இனி அது போதாது.

பொறியாளர் ஐயாவின் வாதம் எனக்கு மிகவும் ஏற்புடையதாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஊர் முழுவதும் கைவேலைக்காரர்களாலும் மாதிரிப் படங்களாலும் ஆனது என்றால், கோச்சடைக் கட்டடத்தில் பாவா என்ற ஒருவர் இருந்ததால் கூடியது என்ன? கருங்கல் தூணும் ஓட்டுக்கூரையும் பழைய கதவும் நம் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தெரியாதவை அல்லவே.

காரைக்குடி வளவு எழுதியது

அம்மையாரின் கேள்விக்கு வரைபலகை அவர்களே விடை சொல்வார். நான் இடையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சென்னையில் 14 மாடி என்று தமிழ்நாடே வாய் பிளந்து பேசிய எல்.ஐ.சி. கட்டடம் செட்டிநாட்டுத் தொடர்புடையது. கானாடுகாத்தான் மரபில் வந்த மு. சித. மு. சிதம்பரம் செட்டியார், தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக அதைத் திட்டமிட்டார். வடிவமைத்தவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரௌன், மோலின் இருவர். இங்கே பொறுப்பேற்று முடித்தவர் எல். எம். சிதலே. செட்டியார் 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் மறைந்தார். 1956-இல் காப்பீடு நாட்டுடைமையானது. 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டபோது அது அரசு நிறுவனத்துக்குச் சொந்தமாகியிருந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவருடைய முந்தைய தலைமுறை கானாடுகாத்தானில் முகப்பும், வளவு என்ற நடுமுற்றப் பகுதியும், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டும் கொண்ட வீடுகளைக் கட்டியபோது லண்டன் கலைஞர் யாரும் தேவைப்படவில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வந்தன. கணக்கை ஆசாரியும் கொத்தனாரும் வைத்துக்கொண்டார்கள். மாடி நான்கைத் தாண்டி, இரும்பும் லிஃப்டும் வந்ததும் படம் போடுபவர் வெளியிலிருந்து வந்தார். ஆகவே பொறியாளர் ஐயா சொன்ன அந்தக் கோடு செட்டிநாட்டுக்கும் பொருந்துகிறது. அந்த வீடுகள் பிற்காலத்தில் இடிக்கப்பட்டபோது தூணும் நிலையும் கதவுமாக விலைக்குப் போனது எங்களுக்கு இன்றும் ஆறாத புண். கோச்சடைக்கு வந்ததைப் போல நல்ல இடம் போய்ச் சேர்ந்தவை மிகச் சில.

வரைபலகை எழுதியது

அம்மா கேட்டது சரியான கேள்வி. பொருள் எதுவும் பாவா கண்டுபிடித்தது அல்ல. கூடியது, எதை எங்கே வைக்காமல் விடுவது என்ற முடிவு. அந்தக் கூடத்தில் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் கண்ணாடி ஜன்னல் வைத்து ஏ.சி. பொருத்தியிருந்தால், மில் நிர்வாகம் மறுத்திருக்காது. அன்றைய நாகரிகமும் அதுவே. சுவரையே விட்டுவிட்டு, கூரையின் சரிவையும் தூண்களுக்கு இடையிலான அளவையும் மரம் நிற்கும் திசையையும் வைத்து வெக்கையைச் சமாளிக்கலாம் என்று துணிந்து முடிவு செய்ய ஒருவர் வேண்டியிருந்தது. உள்ளூர்க் கொத்தனாருக்குக் கை உண்டு; முதலாளியிடம் "சுவர் வேண்டாம்" என்று சொல்லும் இடம் அவருக்குத் தரப்படவில்லை. சென்னைப் படத்தில் இருந்த வராந்தாவை ஓவர்சியர் புரட்டிப் போட்டதாக ஐயா எழுதினார் அல்லவா, அதுவும் அதே வகையான முடிவுதான். அளவில் சிறியது, பெயரில்லாதது.

உளிச்சத்தம் தம்பி ஒரு செய்தியைத் தொட்டார், அதைக் கோச்சடையிலும் பார்க்கலாம். அந்தத் தூண்களை நிறுத்திய கல்தச்சர்கள் கோயில் வேலை தெரிந்த கைகள் என்பது, அடியும் தலையும் அளவாக இருப்பதிலேயே புலப்படுகிறது. பாவா அதை மறைத்துப் பூசவில்லை.

மாணவர்களை அழைத்துச் செல்வது பற்றி: தனியார் ஹோட்டல் என்பதால் கூட்டமாகப் போய் நின்றால் வாயிலிலேயே தயங்குவார்கள். கல்லூரித் தலைப்புத் தாளில் முன்னதாக ஒரு கடிதம் கொடுத்து, சிறு குழுவாக, விருந்தினர் அதிகம் இல்லாத வார நாளில் போவது நல்லது. அளவு நாடாவை மறக்காதீர்கள். தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி, தரையிலிருந்து கூரை விளிம்பு வரை உயரம், விளிம்பு வெளியே நீளும் நீளம் ஆகிய மூன்றையும் அளந்து, நண்பகலில் நிழல் எதுவரை விழுகிறது என்று தரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு, இசைவு கிடைத்தால், வெளி வீதியில் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய அலுவலகம் ஒன்றிலும் அதே மூன்றையும் அளக்கட்டும். இரண்டு தாள்களையும் இங்கே பதிவேற்றினால், பொறியாளர் ஐயாவும் நானும் மேற்கொண்டு விவாதிக்க வசதியாக இருக்கும்.